கிளரன்ஸ் மாஸ்டரும் இல்லாத கோப்பும்

இல்லை என்று கணினி சொன்ன கோப்பை, கடைசியில் கிளரன்ஸ் மாஸ்டர் தானே உண்டாக்கி வைத்தார். மடிக்கணினியின் கறுப்புத் திரை சில நாட்களாக ஒரே பல்லவியைத்தான் பாடிக்கொண்டிருந்தது: போட்ஓடியோ.எச், அப்படியொரு கோப்புக் கிடையாது. மாஸ்டர் ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூடத்தில் அட்சரகணிதம் படிப்பித்தவர். தெரியாத ஒன்றை இருப்பதாகக் கொண்டு கணக்கை நகர்த்துவது அவருக்குப் பழகிய வேலை. அந்தப் பெயரிலேயே ஒரு கோப்பைத் திறந்து, உள்ளே ஓர் எழுத்துக்கூட எழுதாமல் சேமித்து, கணினி தேடுகிற இடத்தில் கொண்டுபோய்ப் போட்டார். பிறகு கட்டளையைத் திரும்பவும் கொடுத்துவிட்டுக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கணினி கோப்பை ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டு, உள்ளே ஒன்றுமே இல்லையே என்று திரை நிறையப் பிழைகளைக் கொட்டியது. ஒரு பொய் சொன்னவன் ஒன்பது பொய்க்கு ஆயத்தமாக இருக்கவேண்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

அறுபது கடந்த மனிதர் பைதன் என்ற கணினி மொழியோடு மல்லுக்கட்டியது மனைவி பியாட்றிஸுக்காக. சில வருடங்களுக்கு முன் ஒரு காய்ச்சல் அவளுடைய இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. நரம்பு செத்துப்போயிற்று, காதுக்குள் எந்த மெசினை வைத்தும் பிரயோசனமில்லை என்று டொக்டர் கையை விரித்துவிட்டார். முதலில் மாஸ்டர் எல்லாவற்றையும் அவளுக்குக் கடுதாசியில் எழுதிக் காட்டினார். எழுதுவது கை நோகிற வேலை. நாள் போகப் போக வசனம் சொல்லாகச் சுருங்கியது. புட்டா, சோறா. குளிசை போட்டாச்சா. அவர் வாயசைவைப் பார்த்து இந்தச் சின்னச் சொற்களைப் பிடிக்க அவளும் பழகிக்கொண்டாள், எழுதுவதும் நின்றுபோயிற்று. ஊர்ப் புதினம் என்ற சாமான் அந்த வீட்டுப் படலையோடு நின்றுவிட்டது. கோப்பாய்ச் சந்திக்குப் போனால் நாலு கதை காதில் விழும். சொல்லவேண்டும் என்ற அவதியில் வேகமாக மிதித்துக்கொண்டு வருவார். வீட்டு வாசலில் ஞாபகம் வரும். சைக்கிளைச் சுவரில் சாத்தும்போது சைக்கிளுக்கே சொல்லிவிட்டு உள்ளே போனதும் உண்டு. அவர் தனித்துப் போயிருந்தார். மனைவி பக்கத்துக் கதிரையில் இருக்கத் தனிமையாக இருக்கிறது என்று ஒரு மனிதன் ஆரிடம் போய்ச் சொல்லுவான்?

பியாட்றிஸ் சாதாரணமாகக் கதைத்தவளல்ல. தேவாலயத்தில் வேதவாசகம் வாசித்து வந்தது அவள்தான். பியாட்றிஸ் அக்கா வாசித்தால் கடைசி வாங்கில் நித்திரை தூங்குகிறவனுக்கும் ழகரம் எழுப்பிவிடும் என்று சபையில் ஒரு பகிடி இருந்தது. காது போன பிறகும் சில மாதம் வாசித்தாள். தனக்கே கேளாத சொல்லை நாக்கு எவ்வளவு காலத்துக்குச் சரியாகப் பிடித்து வைத்திருக்கும்? எழுத்துகள் ஒன்றோடொன்று குழைந்தன. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். போதகர் மாஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டு, மெல்ல, மிக மரியாதையாகச் சொன்னார். அடுத்த ஞாயிறு அனுஜா என்ற பெட்டை வாசித்தாள். இளம் ஆட்களுக்கும் இடம் கொடுக்க வேண்டுமாம் என்று மாஸ்டர் மனைவிக்கு எழுதிக் காட்டினார். நல்லதுதானே என்று அவளும் சொன்னாள். பிறகு அந்தக் குழைந்த பேச்சு அவர் காதுக்குப் பழகிப்போய், அதில் குறையிருப்பதையே அவர் மறந்துவிட்டார்.

அவருடைய நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது ஒரு பூசணிக்காய். அறுவடை ஆராதனை முடிந்து, சபையார் கொண்டுவந்த விளைபொருளை மண்டபத்தில் ஏலம் போட்டபோது, தூணுக்கு இந்தப் பக்கம் இருந்த லெனாட் ஒரு பூசணிக்காயைக் கேட்டார். தூணுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண்குரல் விலையைக் கூட்டிக் கேட்டது. லெனாட் விடவில்லை, குரலும் விடவில்லை. ஏறி ஏறிப் போய், ஆரடா இந்தப் பிடிவாதக்காரி என்று லெனாட் எழும்பிப் பார்த்தால், அவருடைய சொந்த மனைவி. மண்டபமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பியாட்றிஸும் சிரித்தாள். எதற்கென்று தெரியாமல், எல்லோரும் நிறுத்தியபோது சரியாக நிறுத்தி, பக்கத்திலிருந்த கணவனின் கையைத் தட்டி என்ன என்று கண்ணால் கேட்டாள். பிறகு சொல்லுறன் என்று இவர் வாயசைத்தார். அந்தப் பிறகு வரவேயில்லை. தூணையும் குரலையும் ஏறிய விலையையும் எழுதிக் காட்டினால் அதில் சிரிக்க என்ன மிஞ்சும்? அவளுக்கு அதைச் சொல்லிவிடவேண்டும், சொன்னதைக் கேட்டு அவள் சிரிக்கவேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நோர்வேயில் இருக்கிற மகன் பிறேம்தான் வழி கண்டுபிடித்தான். பேசுவதைக் கேட்டு எழுத்தாக்குகிற செயலிகள் தொலைபேசியில் இருந்தன. ஆனால் அவர்கள் வீட்டில் சிக்னல் கிணற்றடிக்குப் போனால்தான் வரும், பியாட்றிஸின் கண்ணுக்கு அந்தச் சின்ன எழுத்தும் பிடிபடாது. இணையம் இல்லாமலே ஓடி, சொல்லச் சொல்லப் பெரிய எழுத்தில் காட்டுகிற ஒரு நிரலை மகன் எழுதி அனுப்பினான். இரண்டொரு மென்பொருட் பொதியை நிறுவினால் போதும் என்றான். மகன்மார் போதும் என்பதெல்லாம் அப்பாமாருக்குப் போதுவதில்லை. முதலில் பைதன்.எச் இல்லை என்று வந்தது. கேட்டார், மகன் ஒரு வரியை அனுப்பினான், போட்டார், தீர்ந்தது. அடுத்தது போட்ஓடியோ.எச் இல்லை. திரும்பவும் கேட்க வெட்கமாக இருந்தது. அவனுக்கும் வேலை, பிள்ளைகள், பனி. தானே பார்ப்போம் என்று இறங்கியதன் விளைவுதான் அந்த வெற்றுக் கோப்பு.

வெற்றுக் கோப்பும் கைவிட்ட பிறகு, தொலைபேசியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்க் கப்பிக்குக் கீழே நின்று அந்தப் பிழையை அப்படியே தேடினார். பெயர் தெரியாத ஊர்களிலெல்லாம் இதே கோப்பைத் தொலைத்துவிட்டு மனிதர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவன் தலையில் அடித்துக்கொண்டு எழுதியிருந்தான். இன்னொருவன் பல வருடத்துக்கு முன் கேட்டு, இன்றுவரை ஒருவரும் பதில் சொல்லாமல் அப்படியே கிடந்தான். மாஸ்டருக்கு அவர்கள்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் கீழே ஒரு புண்ணியவான் பொறுமையாக விளக்கியிருந்தான். ஒலியைப் பிடிக்கிற பகுதி பெரும்பாலும் கணினிக்குள் ஏற்கெனவே இருக்கும். அதனிடம் என்னென்ன வேலை வாங்கலாம், எந்த வேலையை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடவேண்டும் என்ற விபரம்தான் எச் என்று முடிகிற இந்தத் தலைப்புக் கோப்பு. சும்மா பாவிக்கிறவனுக்கு அது தேவையில்லை. அதை வைத்துப் புதிதாக ஒன்றைக் கட்டுகிறவன் தனியாகக் கேட்டு வாங்கவேண்டும். அந்தப் பொதியின் பெயர் வாலில் டெவ் என்று இருக்கும்.

மகன் அன்றைக்கு அனுப்பிய வரியிலும் அதே வால் இருந்தது. மாஸ்டர் பார்த்தும் பாராமல் விட்டிருக்கிறார். வகுப்பில் ஒரு பிள்ளை இந்தப் பிழையை விட்டிருந்தால் தலையில் குட்டு விழுந்திருக்கும். உள்ளே வந்து முதல் வேலையாகத் தன்னுடைய வெற்றுக் கோப்பை அழித்தார். அது கிடந்தால் கணினி நல்லதை விட்டுவிட்டு அதைத்தான் பிடிக்கும். பிறகு தொலைபேசியின் இணையத்தை மடிக்கணினிக்குக் கொடுத்து, இரண்டையும் கிணற்றுக்கட்டில் வைத்து, டெவ் பொதியை இறக்கி, பழைய கட்டளையைத் திரும்பவும் கொடுத்தார். திரை கொஞ்சநேரம் ஓடியது. ஓடி முடிந்து, ஒரு குறையும் சொல்லாமல் நின்றது.

ஞாயிறு மத்தியானம் சாப்பாடு முடிய, பியாட்றிஸைக் கதிரையில் இருத்தி, மேசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்து, ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். மகன் அனுப்பிய சின்ன ஒலிவாங்கி, சட்டையில் குத்துகிற மாதிரியானது. முதல் வசனம் என்ன என்று பல நாள் யோசித்து வைத்திருந்தார். நேரத்துக்கு ஒன்றும் வரவில்லை.

"தேத்தண்ணி குடிப்பமோ?" என்றார்.

திரையில் பெரிய எழுத்தில் வந்தது: தேநீர் குடிப்போமா.

பியாட்றிஸ் வாசித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொருதரம் வாசித்தாள். "எப்ப இந்தியாவுக்குப் போனனீங்கள், இந்தத் தமிழ் கதைக்க?" என்று கேட்டுச் சிரித்தாள். மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே பூசணிக்காயைத் தொடங்கினார். லெனாட்டை அது மின்சாரமாக்கியது, தூணைத் தூளாக்கியது. ஆனாலும் கதை போய்ச் சேர்ந்தது. சொந்த மனைவி என்ற இடத்தில் அவள் மேசையில் கையால் அடித்துச் சிரித்தாள். அண்டைக்கு மண்டபத்திலை எல்லாரும் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கினமோ என்று இவ்வளவு நாளும் மனதுக்குள் வைத்திருந்ததாகச் சொன்னாள். மாஸ்டர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு நாளையும் வீணாக்கியதற்காகத் தன்மீதே அவருக்குக் கோபம் வந்தது.

"தாங்கோ, நான் கதைக்கிறன்" என்று அவள் ஒலிவாங்கியை வாங்கினாள். என்ன சொல்ல நினைத்தாளோ, எல்லாவற்றுக்கும் முன்னால் வழக்கமாக வருகிற சொல்தான் வாயில் வந்தது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"இஞ்சாருங்கோ..."

திரையில் எழுத்து வந்தது: இஞ்சி ஆறு.

சிரிப்பு முகத்தில் இருந்தபடியே, அவள் ஒலிவாங்கியைக் கிட்டப் பிடித்து, வாசகம் வாசிக்கிறவள் மாதிரி நிமிர்ந்திருந்து, நிறுத்தி நிறுத்தி அதே சொல்லைச் சொன்னாள். இனி யாரும் என்று வந்தது. மூன்றாம்தரம் சொன்னதற்கு வெறும் புள்ளிகள் மட்டும் வந்தன. சிரிப்பு போய்விட்டது.

"என்ரை கதை உப்பிடியோ இருக்குது?" என்று கேட்டாள். அதையும் அது என்னவோவாக எழுதியது. "அதுக்குத்தானோ அந்தப் பிள்ளையிட்டை வாசிக்கக் குடுத்தவை?"

சபையில் எல்லோருக்கும் மரியாதை தெரியும், இரக்கம் தெரியும். முகத்துக்காகப் பொய் சொல்லத் தெரியாத ஒரு காதைத் தானே பாடுபட்டு வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டோம் என்பது மாஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது. ஒலிவாங்கியை வாங்கி அவசரமாகச் சொன்னார்.

"மெசினுக்கு எங்கடை தமிழ் தெரியாது. நீர் சொன்னது சரி. பிழை மெசினிலைதான்."

பிழை மெசினில்தான் என்பதை மெசின் ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதிக் காட்டியது. பியாட்றிஸ் அதை வாசித்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"அப்ப நீங்கள் சொல்லுங்கோ பாப்பம். அதே சொல்லை."

அந்தச் சொல்லை அவர் வாழ்நாளில் சொன்னதில்லை. பெண்சாதி புருஷனைக் கூப்பிடுகிற சொல், ஆண்பிள்ளை எதற்குச் சொல்லப்போகிறான்? தேத்தண்ணியைத் தேநீராக்கிய மெசின் இதையும் பிழையாக எழுதினால் அவள் தப்பினாள். தப்பித்தவறிச் சரியாக எழுதிவிட்டால்? அதை நம்பி விட அவருக்குத் துணிவில்லை. ஒலிவாங்கியை உதட்டோடு சேர்த்து வைத்துக்கொண்டு, அவளுடைய காது போன இத்தனை வருடமும் காலையிலும் மாலையிலும் தன் காதில் விழுந்த விதமாகவே, ஞகரத்தைக் குழைத்து, சகரத்தைக் கரைத்து, நாக்கைத் தளரவிட்டு அதைச் சொன்னார்.

மெசின் தயங்கவேயில்லை. இஞ்சி ஆறு என்று எழுதியது.

மாஸ்டருக்குப் பெரிய ஆறுதல். பார்த்தீரோ, நான் சொன்னனான்தானே என்று திரையைக் கையால் காட்டியபடி திரும்பினார். பியாட்றிஸ் திரையைப் பார்க்கவில்லை. அவர் சொல்லத் தொடங்கியதிலிருந்தே அவருடைய வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.