உள்ளே விட்ட துணி

அன்று மாலை தையல் கடையில் இருந்தவர்கள் நான்கு பேர்: தையற்காரர், அவர் மனைவி, இருபத்தெட்டு வயது மகன், மனைவியின் தம்பி. பிற்பாடு தானும் இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரியும் எவரும் அங்கே இல்லை. கதவைத் தையற்காரரே சாத்தினார்.

மகனை வீட்டில் இன்னும் ஒல்லி என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூட நாட்களில் காற்றடித்தால் விழுந்துவிடுவான் போல இருந்தவன். வேலைக்குப் போய், நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து, வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்துவிட்டான். பெயர் மட்டும் மெலிந்தே இருந்தது.

அடுத்த மாதம் கல்யாணம். கோட்டுக்கு அளவு கொடுக்க வந்தவன் டேப்பைத் தொடவிடவில்லை. ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது, எடையை இப்போதே இறக்கினால் திரும்ப வழி உண்டு, விட்டால் வியாதிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டதாகச் சொன்னான். கல்யாணப் பெண்ணிடம் இதை இன்றே சொல்லப்போவதாகவும் சொன்னான்.

தையற்காரருக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. வம்சத்தில் யாருக்கும் இல்லாத வியாதி; கல்யாணத்துக்கு முன்னால் அதைத் தமுக்கடித்துச் சொல்ல வேண்டுமா என்று கத்தினார். எந்தப் பக்கத்து ரத்தம் இது என்று மைத்துனனை முறைத்தார்.

"என்னை ஏன் மாமா பாக்குறீங்க? சும்மா பாத்துட்டுப் போக வந்தவன் நான். வியாதியைப் பையில போட்டுக் கொண்டாரல."

மனைவி இருவரையும் வாயை மூடச் சொன்னாள். மகன் மட்டும் குரலை உயர்த்தவில்லை.

"டாக்டர் ஒண்ணு கேட்டாங்கப்பா. இத்தனை வருஷத்துல ஒரு பேன்ட்கூடவா இறுகலன்னு. இல்லன்னேன். நம்பல."

தையற்காரரின் கை டேப்பிலேயே நின்றது. மற்ற வீடுகளில் இடுப்புப் பட்டன் தெறித்துச் சேதி சொல்லிவிடும். இந்த வீட்டில் சொல்லவில்லை. தையற்காரன் மகன் சட்டை பிதுங்க நடந்தால் கடைக்கு என்ன மரியாதை? மகனுக்குத் தைக்கும் எதிலும் உள்ளே தாராளமாகத் துணி விட்டிருப்பார். துவைத்து வந்ததும், அவன் கேட்காமலே தையலைப் பிரித்துத் தளர்த்தி, மடித்து அலமாரியில் வைத்துவிடுவார்.

"அப்ப பழி என் மேலயா?"

"தின்னது நான்தான். உக்காந்து கெடந்ததும் நான்தான். ஆனா எனக்குத் தெரியவே விடலயேப்பா. உங்க மரியாதைக்காக என் உடம்பை எங்கிட்டயே மறைச்சீங்க. இப்ப வியாதியையும் மறைக்கச் சொல்றீங்க."

கத்தரிக்கோலை மேசையில் ஓங்கி அடித்தார். மைத்துனன் நூல்கண்டுகளைப் புதிதாகப் பார்ப்பவன்போல் திரும்பி நின்றான்.

"இப்ப அளவெடுங்க," என்றான் மகன். "உள்ள துணியே விடாதீங்க. இறுகினா எனக்குத் தெரியணும்."

எடுத்தார். கோபம் இம்மியும் தணியாமல், டேப்பைச் சுண்டிச் சுண்டி எடுத்தார். வழக்கமாக, மகனுக்குக் கேட்காதபடி, அளவு குறித்துக்கொள்ளும் மனைவியின் காதில் முணுமுணுக்கும் இடுப்பளவைச் சாத்திய கதவுக்கு வெளியே கேட்கும்படி சொன்னார். பிறகு அவரே போய்க் கதவைத் திறந்தார்.

"போ. போய் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு. நம்ம வீட்டு விஷயம் அவளுக்கு அடுத்தவன் வாயால தெரியக்கூடாது."

சர்க்கரை என்றதும் பெண் வீட்டார் கல்யாணத்தை நிறுத்திவிட்டார்கள், தையற்காரர் கோட்டுத் துணியைக் கிழித்தெறிந்தார் என்று ஒரு பேச்சு உலவுகிறது. பொய். கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. கோட்டை அவர்தான் தைத்தார், உள்ளே துணி விடாமல்.