கடைசி நுகத்து மாடுகள்

தோர்க்காஸ் ஈரத்துணியால் அப்பாவின் உதட்டைத் துடைக்கப் போனாள். அவர் அவள் கையைத் தட்டிவிட்டுக் கத்தினார்.

"வெள்ளைக்காலா! கருப்பா! இழுங்கடா!"

கட்டிலருகே முழந்தாளிட்டிருந்த போதகர் கேப்டவுனிலிருந்து புதிதாக வந்தவர். கண்ணை மூடிக்கொண்டார். "ஆண்டவரே, இவர் தேடுகிற சகோதரர்கள் வெள்ளைக்காலனையும் கருப்பனையும் நினைத்தருளும்…"

"ஐயா, அது மாடுங்க" என்றாள் தோர்க்காஸ்.

ஃப்ளோரிஸ் சித்தப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இருங்க ஐயா, இங்கிலீஷ்காரனும் வருவான். அவனுக்கும் ஒரு ஜெபம் போடுங்க. சவுக்கடி பூரா அவனுக்குத்தானாம்."

கோக்ஸ்டாட்டில் எந்தக் கிரிக்வா இனத்தார் வீட்டைக் கேட்டாலும் பாட்டன்மார் மாட்டுவண்டியில் மலை தாண்டி இந்த ஊருக்கு வந்த கதை இருக்கும். அவள் படித்த பாடப்புத்தகத்தில் அது இல்லை. அதில் மாட்டுவண்டியில் மலை தாண்டியவர்கள் வெள்ளைக்காரர்கள் மட்டும்தான். கிரிக்வாக்கள் வண்டிக்குப் பின்னால் நடந்துவந்த வேலைக்காரர்கள். அதையே மனப்பாடம் செய்து எழுதித்தான் தோர்க்காஸ் அந்த வீட்டின் முதல் பட்டத்தை வாங்கினாள். வாங்கிய கையோடு புத்தகத்தை அடுப்பில் போடலாம் போலிருந்தது.

அப்பா சொன்னது வேறு. வண்டி நம்முடையது, மாடும் நம்முடையது. முன் நுகத்திலிருந்து கடைசி நுகம் வரை அத்தனை மாட்டின் பேரும் தாத்தா சொல்லி அவருக்கு அத்துப்படி. ஆனால் சொல்ல மாட்டார். பாரமில்லாமல் முழு வரிசையையும் கூப்பிடக் கூடாது, மாடு ஏமாந்து போகும் என்பது வண்டிக்காரர் வழக்கம்.

"சேத்துல வண்டி சிக்கட்டும், சொல்றேன்" என்பார். வீட்டில் வண்டியே கிடையாது.

இன்றைக்குத்தான் சிக்கியிருந்தது.

ஜோடி ஜோடியாக வந்தன. சிவலை, புள்ளி. இங்கிலீஷ்காரன், சாம்பலன். தோர்க்காஸ் மூச்சை அடக்கிக் கேட்டாள். இனி வண்டியை ஒட்டிய ஜோடி மட்டும்தான் பாக்கி. இறக்கத்தில் வண்டி உருண்டுவிடாமல் தாங்கும் ஜோடி.

"அவங்க பேரு என்னப்பா?"

அவர் யாரையோ அடையாளம் கண்டதுபோல் சிரித்தார். உதடு அசைந்தது. அவள் காதை வாயருகே கொண்டுபோனாள். சூடான காற்று மட்டும் பட்டது. பிறகு அதுவும் இல்லை.

போதகர் எழுந்து அப்பாவின் கண்களை மூடினார். தோர்க்காஸ் காதை எடுக்கவில்லை. சித்தப்பாதான் அவள் தோளைப் பிடித்து நிமிர்த்தினார்.

அடக்கத்துக்கு முன் இறந்தவரின் வாழ்க்கையைப் பிள்ளைகள் எழுதிக் கோவிலில் வாசிக்க வேண்டும். அடக்கத்தன்று காலையில் அடுப்படியில் ஆட்டுக்கறி நறுக்கியபடி சித்தப்பா சொன்னார்:

"ஏதாவது ரெண்டு பேரைப் போட்டு முடி புள்ள. யாரு வந்து கேக்கப்போறா, மாடா?"

"பாடப்புத்தகக்காரனுங்களும் அப்படித்தான் சித்தப்பா எழுதினானுங்க."

கத்தி நின்றது.

"அப்ப மாட்டுக் கதையே வேணாம். பொறந்தாரு, ரோடு போட்டாரு, செத்தாருன்னு படி."

"படிக்க மாட்டேன்."

கோவிலில் அவள் அப்பா பிறந்த ஊரிலிருந்து தொடங்கவில்லை. மலையிலிருந்து தொடங்கினாள். மாடுகளை ஜோடி ஜோடியாகக் கூப்பிட்டாள். இங்கிலீஷ்காரன் வந்தபோது முன்வரிசைப் பெண்கள் சிரிப்பை மறைக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். சாம்பலனுக்குப் பிறகு நிறுத்தினாள்.

வாசிப்பு முடிந்துவிட்டது என்று நினைத்து ஆர்கன்காரர் கட்டையில் கை வைத்தார். முதல் பெஞ்சிலிருந்து சித்தப்பா கையை உயர்த்தி அவரைத் தடுத்தார்.

இரண்டு மாட்டின் பேரைச் சொல்லும் நேரம் தோர்க்காஸ் பேசாமல் நின்றாள். பிறகு வாசித்தாள்:

"மலை இறங்கினார்கள்."