எல்ம்கிரோவ் தெருவில் இறங்காத குண்டு

வெல்மா பெட்வே வானத்தைப் பார்த்துச் சுட்ட குண்டு இன்னும் கீழே வரவில்லை. சுட்டது 1956 கோடையில். அன்றிலிருந்து அது எல்ம்கிரோவ் தெருவின் கூரைகளுக்கு மேலே, காலையில் தேவாலயப் பக்கமும் மதியத்துக்கு மேல் கார் ஆலைப் பக்கமுமாக, வண்டு போல இரைந்துகொண்டு சுற்றுகிறது. மழை நாளில் சற்றுத் தாழப் பறக்கும்.

ஆலை வேலைக்காக அலபாமாவிலிருந்து வடக்கே வந்த வெல்மாவும் அவள் கணவன் ராஸ்கோவும்தான், வெள்ளைக்காரர்கள் மட்டுமே குடியிருந்த அந்தத் தெருவில் வீடு வாங்கிய முதல் கறுப்பினத்தவர்கள். வந்த வாரமே முன்பக்க ஜன்னல் கண்ணாடி கல்லடியில் போயிற்று. பிறகு கதவில் தார், தபால் பெட்டியில் செத்த எலி. ராஸ்கோ ராணுவத்தில் இருந்தவன், சட்டத்தின் மேல் அவனுக்குப் பக்தியே உண்டு. விழுந்த ஒவ்வொரு கல்லுக்கும் போலீசுக்கு போன் போட்டான். வண்டி கிளம்பிவிட்டது என்பார்கள். கிளம்பிய வண்டி எந்த ஊருக்குப் போயிற்றோ, யாருக்கும் தெரியாது. ஒரே ஒருமுறை டூகன் என்ற காவலர் வந்தார். வண்டியை விட்டு இறங்காமலே ரொட்டியைத் தின்று முடித்து, “உங்க ஆளுங்க இருக்கற பக்கம் வீடே கிடைக்கலையாப்பா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

வெல்மாவின் அப்பா கொடுத்த ரைஃபிள் துணி அலமாரியில், குளிர்காலக் கோட்டுகளுக்குப் பின்னால் இருந்தது. தினமும் அதைப் பற்றித்தான் சண்டை.

“போலீஸ் வரும் வெல்மா. கொஞ்சம் பொறு.”

“வரும், வரும். நம்ம பொணத்தை எடுக்க.”

“அதைத் தொட்டேன்னு வை, நம்மளத்தான் உள்ள தள்ளுவான். வீட்டை வித்துட்டுப் போக வேண்டியதுதான்.”

“தொடலைன்னா மட்டும் இருக்க விட்டுருவானுங்களா?”

இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் கொடுமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயப் பிரார்த்தனை முடிந்து சாப்பாட்டு நேரத்தில், வாசலில் கூட்டம் கூடியது. ஒரு செங்கல் ஜன்னலைத் தாண்டி வந்து தொட்டிலில் விழுந்தது. குழந்தை லோரினைக் குளிப்பாட்ட அப்போதுதான் தூக்கியிருந்தார்கள். ராஸ்கோ போனை எடுத்தான். வெல்மா ரைஃபிளை எடுத்தாள். வெளியே வந்து குறிபார்த்தபோது, குழாய் முனையில் எதிர்வீட்டு ஃபிராங்க் நோவாக்கின் கட்டம் போட்ட சட்டை தெரிந்தது. திங்கள்தோறும் அவர்கள் வீட்டுத் துணிக்கொடியில் காயும் சட்டை. அதன் கிழிந்த கையை அவன் மனைவி ஸ்டாசியா வேறு நிற நூலால் தைத்திருந்தது வரை வெல்மாவுக்குத் தெரியும். தெரிந்த சட்டையைச் சுட அவளுக்குக் கை வரவில்லை. அலபாமாவில் புத்தாண்டு பிறந்தால் ஆண்கள் வானத்தைப் பார்த்துச் சுடுவார்களே, அப்படிக் குழாயை மேலே தூக்கிச் சுட்டாள். அங்கே சுற்றிலும் பருத்திக் காடு, குண்டு எங்கே விழுந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. இங்கே கூட்டம் சிதறி ஓடியது, ஓடியவர்கள் நின்றார்கள், நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். மேலே இரைச்சல் நிற்கவே இல்லை.

அன்று எல்ம்கிரோவ் தெருவே போலீசுக்கு போன் செய்தது. அத்தனை நாள் வழி தெரியாமல் இருந்த வண்டிகள் ஊளையிட்டுக்கொண்டு வந்து சேர்ந்தன. வெல்மாவைக் கைது செய்தார்கள். குண்டு கீழே விழாமல் என்ன குற்றம் என்று சொல்ல முடியாது என நீதிபதி வழக்கை ஒத்திவைத்து அவளையும் ரைஃபிளையும் வீட்டுக்கு அனுப்பினார், வழக்கு இன்னும் ஒத்திவைப்பில்தான் இருக்கிறது. குண்டைக் கண்காணிக்க டூகனையே தெருவில் நிறுத்தினார்கள். சீருடைக்காரர் நாள் முழுக்க நின்றதால் கல்லெறிய வந்தவர்கள் கையைப் பையில் விட்டுக்கொண்டு திரும்பினார்கள். சிலர் வீட்டை விற்றுவிட்டுப் போனார்கள். “பாத்தியா, போலீஸ் வந்துச்சா இல்லையா?” என்றான் ராஸ்கோ. “வரவெச்சது யாராம்?” என்றாள் வெல்மா. அந்த வீட்டில் இன்றுவரை அது தீரவில்லை.

ஆனால் அந்தக் குண்டுக்கு வெல்மாவைப் போல யாரும் பயப்படவில்லை. மற்றவர்களுக்கு அது ஆபத்து, அவளுக்கோ அது அவள் கையிலிருந்து போனது. எந்தப் பிள்ளையின் தலையில் இறங்குமோ என்று வாசலில் நாற்காலி போட்டு அண்ணாந்தபடியே வருஷங்களைக் கழித்தாள். லோரின் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் வெல்மா ஒழுங்காகத் தூங்கவில்லை. அந்த நிலையில் செலவு கட்டுப்படியாகவில்லை என்று டூகனைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். பழையபடி கல் வரும், வெல்மா மறுபடியும் அலமாரியைத் திறப்பாள், இந்த முறை குழாயை மேலே தூக்குவாளா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

மறுநாள் காலை ஸ்டாசியா நோவாக் தெருவைக் கடந்து வந்தாள். பின்னால் அதே ஃபிராங்க், அன்று குழாய் தன் மேலிருந்து விலகி வானத்துக்குப் போனதைப் பார்த்தவன், கையில் இரண்டு மடக்கு நாற்காலிகளோடு. அவன் மன்னிப்புக் கேட்கவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். நாற்காலிகளை பெட்வே வீட்டு வாசலில் விரித்து, தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

“நீ போய்ப் படு வெல்மா, இன்னிக்கு எங்க முறை” என்றாள் ஸ்டாசியா. “நாளைக்கு மூலை வீட்டுக்காரங்க. பேசியாச்சு.”

“குண்டையா பாக்கப் போறீங்க?”

“குண்டையும்தான்” என்றான் ஃபிராங்க், திரும்பாமலே.

வெல்மா உள்ளே போய், செருப்பைக் கூடக் கழற்றாமல் படுத்தாள். பள்ளி விட்டு லோரின் வந்து எழுப்பும்வரை தூங்கினாள். அந்தத் தெருவில் முறை போட்டு உட்காருவது இப்போதும் நடக்கிறது. தலைக்கு மேல் குண்டு கடக்கும்போது பேச்சைக் கொஞ்சம் நிறுத்துவார்கள், போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.