உத்தமனுக்கு இரண்டு ஊரில் அரிசி

கொல்கத்தாவுக்கு வந்து பதினாறு வருடமாகியும், கும்பகோணத்தில் அண்ணன் ரேஷன் கார்டிலிருந்து என் பெயரை எடுக்கவில்லை. ஊர்க்காரன் என்று சொல்லிக்கொள்ள ஒரு தாளாவது இருக்கட்டுமே என்ற வீறாப்பு. என் பங்கு அரிசியை அண்ணன் வாங்கிச் சாப்பிட்டார். பெருமையை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். இங்கே டாக்குரியாவில் எங்கள் நாலு பேருக்கும் ஆளுக்கொரு கார்டு வாங்கியபோதும் அந்தப் பழைய பெயரைப் பற்றி மூச்சு விடவில்லை. பெயர்தான் உத்தமன்.

போன மாதம் ஆதாரை ஒத்துப் பார்த்ததில் குட்டு உடைந்தது. என் பெயர் இரண்டு மாநிலத்திலும் இருப்பதாக உணவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றாள் மனைவி ஜெயப்ரியா. நான் கேட்பேனா? லேக் மார்க்கெட் மளிகைக் கடையில் போன வருடத்து அப்பளத்தையே பேசி விற்கிறவன். ஒரு அதிகாரி எம்மாத்திரம்?

ஜெயப்ரியாவையும் கூட்டிக்கொண்டு போய், ஊரில் இருப்பது வேறொரு உத்தமன் என்று அலுவலகத்தில் பெங்காலியில் வெளுத்து வாங்கினேன். ஆதார் எண் ஒன்றாக இருக்கிறதே என்றார் அதிகாரி. கம்ப்யூட்டர் கோளாறு என்றேன். அப்படியானால் வீட்டுக்கு வந்து விசாரிக்க வேண்டும், அதுவரை நாலு கார்டுக்கும் அரிசி கிடையாது என்று பேனாவைத் திறந்தார். விக்ரமும் மீராவும் வளர்கிற பிள்ளைகள். மாதக் கடைசியில் எங்கள் வீட்டில் பொங்குவது அந்த அரிசிதான். என் சாமர்த்தியம் அதற்கே உலை வைத்துவிட்டது.

அப்போதும் மன்னிப்புக் கேட்க மனம் வரவில்லை. குடும்பத் தலைவன் ஆயிற்றே! அதிகாரி திரையைப் பார்த்துத் தலைவரின் பெயரைப் படித்தார்: ஜெயப்ரியா. சட்டப்படி வீட்டின் மூத்த பெண்தான் தலைவியாம். எழுதிக் கொடுக்க வேண்டியதும் அவள்தானாம்.

அவள் ஒரு தாள் கேட்டு வாங்கினாள். என் பெயர் ஊரிலும் இருப்பது உண்மை, அது அங்கேயே இருக்கட்டும், இங்கே என்னை மட்டும் நீக்கிவிட்டு மற்ற மூவருக்கும் தொடர்ந்து கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதிகாரி படித்துவிட்டு, மூன்று கார்டுக்கும் தடையில்லை என்றார். இவர் சாப்பாட்டுக்கு என்ன செய்வார் என்று சும்மா கேட்டும் வைத்தார்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

“எந்த ஊர்ல பேர் இருந்தா என்னங்க? நீங்க சாப்பிடறது எங்களோடதானே. மூணு பேர் அரிசிய நாலு பேரும் பங்கு போட்டுக்கலாம்.”

வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த அதிகாரி பார்க்கிறார் என்றும் பாராமல் அழுதேன்.