முள் அசையவில்லை

பெரியவனுக்குக் கண் மங்கிப்போன விஷயம் பட்டறையில் ஒரே ஒருத்தனுக்குத்தான் தெரியும். அது பக்கத்துச் சின்னக் கடைசல் லேத்தில் நிற்கும் கூடப்பிறந்த தம்பி. கண்ணாடியை மாற்றிப் பார்த்தாயிற்று, டாக்டரே உதட்டைப் பிதுக்கிவிட்டார். முதலாளி காதுக்குப் போனால் அப்புறம் இரும்புத்தூள் கூட்டுகிற வேலைதான். பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடவில்லை, பாவி மனுஷன்.

கை என்னவோ சொன்னபடி கேட்டது. மையம் பார்க்கும் டயலின் முள்தான் கண்ணுக்குப் பிடிபடவில்லை. கடைய வந்த உருண்டை ஜாப்பை லேத்தின் சுழலும் பிடியான நாலு தாடை சக்கில் பிடித்து, டயலை அதில் படவைத்து, கையால் மெல்லச் சுற்ற வேண்டும். முள் ஆடினால் மையம் விலகியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு தாடையைத் தளர்த்தி எதிர்த்தாடையை இறுக்கி, முள் நிற்கும்வரை அதே பாடு. இப்போதெல்லாம் அண்ணன் சுற்றுவான், தம்பி வந்து முள்ளைப் பார்த்துச் சொல்வான். அண்ணன் நிற்கும் அந்தப் பெரிய லேத்தின்மேல் தம்பிக்கும் ரொம்ப நாளாக ஆசைதான்.

அன்றைக்கு வந்தது ஒரு வார்ப்புச் சக்கரம். நடுத்துளையை ஏற்கெனவே முடித்து அனுப்பியிருந்தார்கள். துளையை மையமாக வைத்து வெளிவட்டத்தைக் கடைய வேண்டும்.

"மாத்து ஜாப் கிடையாதுப்பா, பாத்து" என்றார் முதலாளி.

பெரியவன் துளைக்குள் டயலைப் படவைத்துச் சக்கைச் சுற்றினான். "எப்படிடா நிக்குது?"

"முள்ளு அசையவே இல்லண்ணே. தைரியமா ஓட்டு."

முதல் வெட்டில் உளி ஒரு பக்கம் மட்டும் தட்டியது. கரடுமுரடான வார்ப்பு தட்டாமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டான். கடைந்து முடித்து இறக்கினான்.

முதலாளி வெர்னியர் அளவுகோலால் துளையிலிருந்து விளிம்புவரை அளந்தார். ஒரு பக்கம் தடிமன், எதிர்ப்பக்கம் ஒல்லி. அவர் முகம் கறுத்தது.

"டயல் வச்சுப் பாத்தியா, குத்துமதிப்பா ஓட்டிட்டியா?"

பெரியவன் பக்கத்து லேத்தைத் திரும்பிப் பார்த்தான். தம்பி தலைகுனிந்து தன் லேத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். அவன்தான் பார்த்தான் என்று சொல்லலாம். உன் கண்ணுக்கு என்ன கேடு என்று அடுத்த கேள்வி வரும். அது தெரிந்துதானே செய்திருக்கிறான், படுபாவி!

"நான்தான் பாத்தேன். கவனம் தப்பிடுச்சு."

"நாளைக்கு இதுல உன் தம்பி நிக்கட்டும். நீ சின்ன லேத்துக்குப் போ."

முதலாளி போனதும் தம்பி வந்து தோளில் கை போட்டான். "கவலப்படாதண்ணே. அங்கயும் நானே வந்து முள்ளப் பாத்துச் சொல்றேன்."

பெரியவன் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. "சரிடா" என்றான்.