பால்குடி மகன்

தண்ணீர் நாற்றின் தலையில் அடித்துவிடக் கூடாதென்று குழாயின் வாயைப் பெருவிரலால் நெரித்துப் பிடித்து, தூறலாக விசிறிக்கொண்டிருந்தான் நளீர். கிழக்குப் பக்கத்துப் பாத்திகள் முடிந்துவிட்டன. மேற்குப் பக்கம் இன்னும் ஆறு கிடந்தன. வெயில் ஏறுவதற்குள் முடிக்காவிட்டால் கற்பிட்டி மணல் வெங்காய நாற்றை வேர்வரை வறுத்துவிடும். வளவின் மறுகோடியில் இருந்த ஓட்டு வீட்டுக்குள் கைருன்னிஸா உயிர் பிரிந்து மௌத்தாகி மூன்று மணித்தியாலம் ஆகியிருந்தது.

ஜனாஸாவுக்கு வந்த இரண்டு பேர் வேலிக்கு மேலால் எட்டி அவனை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மையத்து உடலை வீட்டில் வைத்துக்கொண்டு பயிருக்குத் தண்ணீர் விடுகிறானே, இவனும் ஒரு மனிதனா என்று நினைத்திருப்பார்கள். நினைத்தால் நினைக்கட்டும். இந்த நாற்றெல்லாம் கைருன்னிஸா தன் கையால் விதை தூவிப் போட்டது. மூன்று நாளாக வாய் கோணி, பேச்சு விழுந்து கிடந்தபோதும் காலையானால் கண்ணை ஜன்னல் பக்கம் உருட்டி உருட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். காற்றுக் கேட்கிறாளாக்கும் என்று மற்றவர்கள் ஜன்னலை அகலத் திறந்தார்கள். நளீருக்குத்தான் விளங்கியது, தண்ணீர் விட்டாயா என்று கேட்கிறாள் என்று. "விட்டுட்டன் உம்மா, ரெண்டு பக்கமும் விட்டுட்டன்" என்று காதருகே குனிந்து சொன்ன பிறகுதான் கண்ணை மூடுவாள்.

அவனுடைய ஐந்து வயது மகள் ஸஃப்னா, குழாய் மடிந்துவிடாமல் பின்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். இரண்டு வயது முனாஸ் பாத்தி ஓரத்தில் குந்தியிருந்து ஈரமணலை அள்ளி வாய்க்குக் கொண்டுபோனான்.

"வாப்பா, தம்பி மண் திங்கிறான்."

"தட்டிவிடு மகள்."

"வாப்பும்மா இண்டைக்கு ஆட்டுக்குக் குழ போட மாட்டாவா?"

"மாட்டா."

"நாளைக்கு?"

நளீர் குழாயை அடுத்த பாத்திக்கு மாற்றினான். "நாளைக்கு நீ போடு" என்றான். சரி என்பதுபோலத் தலையாட்டிவிட்டு அவள் தம்பியின் வாயைத் துடைக்கப் போனாள்.

பிள்ளைகளுக்கு வாப்பும்மா என்றாலும், கைருன்னிஸா நளீரைப் பெற்றவள் அல்ல. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட சனங்கள் உடுத்த துணியோடு வள்ளம் ஏறி வந்தபோது நளீருக்கு இரண்டு மாதம். கரை இறங்கிய மூன்றாம் கிழமை பெற்றவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். பால்மாவுக்கு வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பிவந்த அவனுடைய வாப்பாவின் கையிலிருந்து, பக்கத்து ஓலைக் கொட்டிலில் இருந்த கைருன்னிஸா ஒரு வார்த்தை கேட்காமல் பிள்ளையை வாங்கினாள். தன் மகள் றுமைஸாவை ஒரு பக்கம் ஒதுக்கிப் போட்டுவிட்டு மறுபக்கத்தில் இவனைப் போட்டுக்கொண்டாள். அன்று தொடங்கி ஒன்றரை வருடம். றுமைஸா குள்ளமாகப் போனதற்கே நளீர்தான் காரணம் என்பது கைருன்னிஸாவின் கட்சி. "அவட பங்கையும் சேத்து உறிஞ்சிப்போட்டான், கள்ளன்" என்று சொல்லிக்கொண்டேதான் அவன் கோப்பையில் இரண்டாம் தரம் சோறு போடுவாள்.

அவள் சத்தம் போட்டால் நாலு வளவு தாண்டி மேய்கிற கழுதையும் காதைத் தூக்கும். கொஞ்சிப் பேசத் தெரியாது. ஏசுவாள், பிறகு ஏதாவது தின்னத் தருவாள். அவளிடம் நளீர் ஒருநாளும் நன்றி என்று வாய் திறந்து சொன்னதில்லை. சொல்லியிருந்தால் விளக்குமாற்றைத் தூக்கியிருப்பாள். ஆனால் உள்ளுக்குள் அந்த நன்றி எப்போதும் இருந்தது. தன் பிள்ளைகள் பொஞ்சாதி றுக்கியாவின் மாரில் பால் குடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம், எனக்கும் இப்படித்தானே ஒருத்தி தந்தாள், தர வேண்டிய ஒரு கடமையும் இல்லாமல் தந்தாளே என்று அவன் நெஞ்சு நிறைந்துபோகும்.

விடியற்காலையில் அவளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியதும் சந்திவரைக்கும் ஓடிப்போய் ஓட்டோவைக் கூட்டிவந்தது நளீர்தான். வந்துசேர்ந்தபோது பெண்கள் தாடையைக் கட்டி, முகத்தை மூடி, அறைக் கதவையும் சாத்திவிட்டிருந்தார்கள். குளிப்பாட்டி வெள்ளைத் துணியால் கபனிட்ட பிறகு ஒரு தரம் முகத்தைத் திறப்பார்கள். அப்போது பார்த்து, இத்தனை வருடம் சொல்லாததை மனசுக்குள்ளாவது சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு நினைப்பில்தான் அவன் கடைசி ஆறு பாத்திகளையும் முடித்தான்.

பதினொரு மணிபோல றுக்கியா வேலியடிக்கு வந்து கூப்பிட்டாள். குளிப்பாட்டியதில் அவளும் ஒருத்தி. கண் சிவந்து, கை விரல்கள் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன.

"முகத்த மூடப் போறாங்க. கெதியா வாங்க. உம்மா நல்லா இருக்கிறா. கோணல் எல்லாம் போயிட்டுது."

அவன் கால் கழுவி, தொழுகைக்குச் செய்வதுபோல் ஒளுச் செய்து, வெள்ளைச் சாரம் மாற்றிக்கொண்டு ஓட்டு வீட்டுக்குள் நுழைந்தான். விறாந்தையில் ஆண்கள் நிறைந்திருந்தார்கள். மதுரங்குளியில் படிப்பிக்கிற றுமைஸாவின் புருசன் ஸியாத், மையத்தைத் தூக்கிப்போகும் சந்தூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். அறைவாசலில் தொங்கிய திரைச்சீலையில் நளீர் கை வைத்த நேரம், பக்கத்துக் கதிரையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நில்லு மகன். எங்க போறாய்?"

மீரா முகைதீன் ஹாஜியார். கைருன்னிஸாவின் காலஞ்சென்ற புருசனுடைய கூடப்பிறந்த மூத்த காக்கா. தில்லையடியிலிருந்து வந்து காலை முதல் எல்லாவற்றையும் முன்னின்று நடத்துபவர்.

"உம்மாட முகத்தப் பாக்க, ஹாஜியார்."

"பொம்புள மையத்து மகன். பெத்த மகன், கூடப்பிறந்தவன், இப்பிடி கலியாணம் முடிக்கிற முறையில்லாத ஆக்கள் மட்டும்தான் முகம் பாக்கலாம். உனக்குத் தெரியாததா?"

"நான் அவட பால்குடி மகன்தானே."

"அப்பிடி ஒரு கதை இருக்கு" என்றார் ஹாஜியார். "நானும் கேட்டிருக்கிறன்."

அவர் அந்தக் கதையைக் கேட்ட விதம் எல்லாருக்கும் தெரியும். எட்டு வருடத்துக்கு முன்னால், ஒரே வளவு, நல்ல உழைப்பாளிப் பையன் என்று சொல்லி நளீரை றுமைஸாவுக்குப் பேசிக்கொண்டு வந்தவர் அவர்தான். கதவுக்குப் பின்னால் நின்ற கைருன்னிஸா வாய்விட்டுச் சிரித்தாளாம். "அல்லாவே, ஹறாமான கதை கதைக்காதீங்க மச்சான். ரெண்டும் என்ட பால குடிச்சதுகள், கூடப்பிறந்ததுகள் மாதிரி" என்றாளாம். மூன்று மாதத்தில் ஆசிரியர் மாப்பிள்ளை ஸியாத் வந்து சேரவும், படித்த மாப்பிள்ளைக்காகத் தம்பி பொஞ்சாதி பொய்ச் சாட்டுச் சொல்லித் தன்னைத் திருப்பி அனுப்பிவிட்டாள் என்று ஹாஜியார் முடிவு கட்டிவிட்டார். அந்தச் சிரிப்பு அவர் மனசில் முள்ளாகவே தங்கிவிட்டது.

"பால்குடி உறவு எண்டா லேசான விசயமில்ல மகன்" என்றார். "அஞ்சு தரம் வயிறு நிறையக் குடிச்சிருக்கணும். ஆர் கண்டது?"

"எனக்கு அப்ப ரெண்டு மாசம், ஹாஜியார். நான் எண்ணல்ல."

விறாந்தையில் யாரோ சிரிக்கப் பார்த்து இருமலாக்கிக்கொண்டார்கள். நளீர் பகிடிக்குச் சொல்லவில்லை. சாட்சிக்கு ஆளும் இல்லை. அந்தக் கொட்டில்களில் இருந்தவர்களில் பாதிப்பேர் யுத்தம் முடிந்ததும் மன்னாருக்குத் திரும்பிவிட்டார்கள். வயதானவர்கள் கப்றுக்குப் போய்விட்டார்கள், அவனுடைய வாப்பாவும்தான்.

திரைச்சீலைக்கு உள்ளிருந்து றுமைஸாவின் அழுத குரல் வந்தது. "பெரிய வாப்பா, அவன் என்ட தம்பி. உம்மா எத்தின தரம் சொல்லியிருக்கிறா!"

"நீயும் அப்ப மடிப்பிள்ளதானே மகள். சொல்லிக் கேட்டது சாட்சி ஆகாது." அவர் குரல் கடுமையாக இல்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு நளீரைப் பார்த்தார். "உன்ன நான் குறையாச் சொல்லல்ல. இந்தக் குடும்பத்துக்கு நீ மாடா உழைச்சவன். ஆனா யோசிச்சுப் பாரு. அவட புருசன்ட கூடப்பிறந்தவன் நான். முப்பது வருசமா இந்த வீட்டுக்கு வந்து போறன். நானே அவட முகத்த நேருக்கு நேர பாத்ததில்ல. இப்பவும் பாக்கணும் எண்டு கேக்கல்ல. மௌத்தான பிறகு அவட மானத்த நாமதானே காக்கணும்?"

அதில் பிழை பிடிக்க நளீரால் முடியவில்லை. அவள் மானம் என்று வந்தால் அவனும் அதைத்தான் சொல்லியிருப்பான். திரைச்சீலையிலிருந்து கையை எடுத்தான். உள்ளே ஆறடி தூரத்தில் அவள் கிடந்தாள். கோணல் போய் நல்லா இருக்கிறாள் என்று றுக்கியா சொன்னதே போதும், அதை வைத்துக்கொண்டு போய்விடலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். கப்று வெட்டுகிற இடத்துக்காவது போவோம் என்று திரும்பினான்.

வாசற்படியில் ஸஃப்னா, தம்பியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள். அவள் ஹாஜியாரையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாப்பும்மா ஹாஜியாருக்கு மட்டும்தான் முக்காடு போடுவா" என்றாள்.

"சும்மா இரு மகள்" என்றான் நளீர்.

ஹாஜியார் கையைக் காட்டினார். "சொல்லட்டும். என்ன மகள் சொல்றாய்?"

"உங்கட ஓட்டோச் சத்தம் கேட்டா வாப்பும்மா, 'ஸஃப்னா, ஹாஜியார் வாறார், துணிய எடுத்துட்டு ஓடி வா' எண்டு கத்துவா. நான்தான் கொண்டுபோய்க் குடுக்கிற. கிணத்தடியில நிண்டாலும் ஓடணும். தோட்டத்துக்குள்ள நிண்டாலும் ஓடணும்." பட்ட கஷ்டமெல்லாம் அவள் குரலில் இருந்தது.

"அப்ப உன்ட வாப்பா வந்தா?"

ஸஃப்னாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "வாப்பாக்கு எதுக்குத் துணி? வாப்பாதானே அவட தலைக்கு எண்ணெ தேச்சு விடுற. அவக்குத் தோள் நோகுதெண்டு."

நளீருக்குக் காது சூடேறியது. இத்தனை ஆண்களுக்கு முன்னால் இதைச் சொல்லிவிட்டாளே. தோள்பட்டை பிடித்துக் கை மேலே எழும்பாமல் போன இந்த ஒரு வருடமாக, வெள்ளிக்கிழமைகளில் கைருன்னிஸா எண்ணெய்ப் போத்தலோடு வந்து அவனுக்கு முன்னால் முதுகு காட்டிக் குந்திக்கொள்வாள். றுமைஸா மதுரங்குளியில். றுக்கியாவின் கைக்குப் பலம் இல்லையாம். "நல்லா அழுத்தித் தேய்டா, பால் குடிச்ச பலம் எங்க போச்சு?" என்று ஏசுவாள்.

ஹாஜியார் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். திரும்ப எடுத்துப் போட்டுக்கொண்டார். விறாந்தை ஓரத்தில் சந்தூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த ஸியாத்தும் கையை நிறுத்திவிட்டான்.

"ரெண்டு நோம்புக்கு முன்ன" என்று மெதுவாகத் தொடங்கினார். "ஒரு நாள் நான் ஓட்டோவில வரல்ல. பின் பக்கத்தால நடந்து வந்தன். நீ கிணத்தடியில பம்பு கழுவிக்கொண்டு நிண்டாய். அவ தலைமுடிய விரிச்சுப் போட்டுக்கொண்டு கல்லுல இருந்து உன்ன ஏசிக்கொண்டிருந்தா. என்னக் கண்டாளோ இல்லியோ, ஆட்டுக் கொட்டிலுக்குள்ள பாஞ்சா."

"ஓம், ஹாஜியார். உங்களுக்குத் தேத்தண்ணி ஊத்தச் சொல்லி அங்கயிருந்தே என்ன ஏசினா."

"நான் போகுமட்டும் வெளிய வரல்ல."

"நீங்க போன பிறகு அவவ வெளிய எடுக்கிறதுக்குள்ள கிடா ரெண்டு தரம் முட்டிப்போட்டுது."

ஹாஜியாரின் உதடு ஒரு பக்கம் இழுத்தது. சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியவில்லை. "எனக்கு அண்டைக்கு மனம் நொந்துபோச்சு மகன். சொந்த மச்சானுக்கு ஒளிக்கிறவ, ஊரான் பிள்ளைக்கு ஒளிக்கல்லியே எண்டு வழி நெடுக அவவக் குறை சொல்லிக்கொண்டு போனன். அல்லாஹ் என்ன மன்னிக்கணும்." கண்ணைத் துடைத்தார். "சாட்டுச் சொல்லணுமெண்டா வாயால ஒருக்காச் சொல்லலாம். இத்தின வருசம், வேல வெட்டிக்கு நடுவுல, ஆரும் பாக்காத நேரத்திலயும் முக்காட்டால பொய் சொல்ல ஏலாது."

அவர் கதிரையைப் பிடித்து எழுந்தார். நளீரின் தோளில் கை போட்டார்.

"போ. போய் உம்மாவப் பாரு. கப்றுக்குள்ள இறங்கி வைக்கிறதும் நீதான். மகன் இருக்க மத்தவன் ஏன் இறங்கணும்?"

"சரி ஹாஜியார்."

"பெரிய வாப்பா எண்டு சொல்லு" என்று அவர் அதட்டினார்.

றுக்கியா முன்னால் வந்து ஸஃப்னாவின் இடுப்பிலிருந்து முனாஸை வாங்கிக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். நளீர் திரைச்சீலையை விலக்கினான். கர்ப்பூர வாசமும் ஈரச் சீமெந்து வாசமும் முகத்தில் அடித்தன. பாயில் நெருக்கி உட்கார்ந்திருந்த பெண்கள், ஆண் ஒருவன் வருகிறான் என்று கண்டதும் ஆளுக்கு ஆள் முக்காட்டை நெற்றிவரை இழுத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். தலைமாட்டில் இருந்த றுமைஸா மட்டும், அழுத அழுகையில் தலையிலிருந்து தோளுக்கு நழுவிக் கிடந்த முந்தானையைத் தொடாமல், கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.