கையெழுத்திட மறுத்தார்

1

புகார் எழுதத்தான் உட்கார்ந்தேன். தேதி போட்டேன், 'பெறுநர்' என்று எழுதினேன், அங்கேயே பேனா நின்றுவிட்டது. எங்கள் பகுதியில் இன்ஸ்பெக்டர் மீது புகார் கொடுக்க வேண்டுமென்றால் அந்த இன்ஸ்பெக்டரின் மேசையில்தான் கொடுக்க வேண்டும். ஆகவே பெறுநர் என்ற இடத்தில் உங்களை எழுதினேன். புகார் கதையானது அப்படித்தான்.

கதை எழுதி எனக்குப் பழக்கமில்லை. முப்பத்தொரு வருடம் நூல் மில் வாசலில் நேரக் காப்பாளராக இருந்தவன். யார் வந்தார், எத்தனை மணிக்கு, என்ன நோக்கம், கையெழுத்து. நான்கு கட்டங்கள். என் உரைநடைப் பயிற்சி அவ்வளவே. தொழிலாளிகள் எனக்கு வைத்த பெயர் 'பெரிய முள்'. கேலியாக வைத்தார்கள், நான் பட்டமாக எடுத்துக்கொண்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டு முன்னறையிலும் ஒரு பதிவேடு வைத்தேன். (சிரிக்க வேண்டாம். என் மகனும் சிரித்தான். கப்பல் வேலைக்குப் போன அன்று அவனும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் படியிறங்கினான்.) இந்த வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்று தெருவில் ஒருவரும் ஊகம் செய்ய வேண்டியதில்லை. மறைக்க வேண்டிய ஆள் மூன்று தலைமுறையாக இங்கே வந்ததில்லை. போலீஸ் வந்ததே இல்லை.

[குறிப்பு: மில்லில் ஒரு விதி உண்டு. ஒருவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றால், அந்தக் கட்டத்தில் 'கையெழுத்திட மறுத்தார்' என்று நான் எழுதுவேன். அப்போது பக்கத்தில் நின்றவர் யாரோ அவர் அதன் கீழே சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சி இல்லாத மறுப்பு செல்லாது. இதை நினைவில் வையுங்கள்.]

2

முதல் தொடக்கம்: 'என் மருமகள் பத்திரிகையாளர். தைரியசாலி.' அடித்துவிட்டேன். உண்மைதான். ஆனால் அப்போது நான் அவளை அப்படி நினைக்கவில்லை. வீட்டு மானத்தை ஊர்ச் சண்டையில் அடகு வைக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

இரண்டாம் தொடக்கம்: 'காவல் நிலையத்துக்குள் நடந்து போன தையல்காரர் இரண்டு நாள் கழித்துத் துணியில் சுற்றப்பட்டு வெளியே வந்தார்.' இதை வைத்துக்கொள்கிறேன். மருமகளின் கட்டுரையில் முதல் வரி இதுதான். மாரடைப்பு என்று நிலையம் சொன்னது. அந்த இரண்டு நாளும் உள்ளே இருந்து எல்லாவற்றையும் பார்த்த ஒருவர், மாரடைப்பு இல்லை என்று அவளிடம் சொன்னார். சொல்வதற்கு அவர் வந்த இடம் எங்கள் வீடு.

'அவர் வந்தபோது மழை பெய்தது. அவருடைய வலது'

இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். மழை என்றதே அதிகம். அவர் நிலையத்துக்கு டீ கொண்டுபோகிறவர் என்று எழுதலாம். டிரைவர் என்றோ, பக்கத்து அறையில் அடைபட்டிருந்தவர் என்றோ எழுதலாம். இதில் எதுவும் இல்லை. ஆணா பெண்ணா என்பதும் 'அவர்' என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கட்டும்.

இத்தனை ஜாக்கிரதையாக எழுதுகிற நான் அன்று என்ன செய்தேன் தெரியுமா? பதிவேட்டை அவர் முன் திருப்பி வைத்தேன்.

"உண்மையான பேரா எழுதணும்?"

"இந்த வாசல்ல பொய்ப் பேருக்கு எடமில்ல."

பேனாவை வாங்கிக்கொண்டார். பிறகு எழுதினார். நோக்கம் என்ற கட்டத்தில் 'பார்த்ததைச் சொல்ல' என்று எழுதினார். முப்பத்தொரு வருடத்தில் அந்தக் கட்டத்தில் இப்படி ஒரு வரியை யாரும் எழுதியதில்லை என்று எனக்கு ஒரே பெருமை. பக்கம் அறுபத்தொன்று.

3

கட்டுரை வந்த நான்காம் நாள் மதியம் இன்ஸ்பெக்டர் வந்தார். மருமகள் அலுவலகத்தில் இருந்தாள்.

"ஐயா, சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"உக்காருங்க. அதுக்கு முன்னாடி ஒரு கையெழுத்து."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "ஸ்டேஷன்ல நாங்க வாங்குவோம், இங்க நீங்களா?" ஆனாலும் போட்டார். நோக்கம்: 'நலம் விசாரிக்க'. போட்டுவிட்டு, பேச்சு வாக்கில் பக்கத்தைப் பின்னால் புரட்டினார். நான் மரச்சட்டத்தை எடுத்துப் பக்கத்தின் மேல் வைத்தேன். மேல்வரிசையில் இருப்பவரின் விவரத்தை அடுத்தவர் பார்க்கக் கூடாதென்று மில் நாளிலிருந்தே என் கையில் இருக்கும் சட்டம் அது.

"முன்பக்கம் பாக்குறது இங்க வழக்கமில்ல."

"நல்ல பழக்கம்யா," என்றார். அவர் கண் மட்டும் சட்டத்தை விட்டு நகரவில்லை.

4

மருமகள் திரும்பியதும் பெருமையாகத்தான் சொன்னேன். இன்ஸ்பெக்டரிடமே கையெழுத்து வாங்கிவிட்டேனே! அவள் தோள்பையை இறக்கவில்லை.

"மாமா, என்கிட்ட பேச வந்தாங்களே, அவங்ககிட்டயும் வாங்கினீங்களா?"

"யாரா இருந்தாலும்..."

"அவங்க பேரு என் பத்திரிகை ஆசிரியருக்கே தெரியாது. என் போன்ல கிடையாது, நோட்டுல கிடையாது. நீங்க தேதியோட, நேரத்தோட வாசல்லயே எழுதி வெச்சிருக்கீங்க! தையல்காரரை அடிச்சவங்க கைக்கு அது போனா என்ன ஆகும்?"

நான் பதிவேட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"அந்தப் பக்கத்தைக் கிழிச்சிடுங்க."

"பக்கத்துக்கு நம்பர் இருக்கும்மா. அறுபதுக்கு அப்புறம் அறுபத்திரண்டு வந்தா..."

"அந்த ஆள் இல்லாமப் போனா எந்த நம்பர் குறையும் மாமா?"

(முதல் பிரதியில் இந்த இடத்தில் அவளை அழ வைத்திருந்தேன். படித்துவிட்டு, "நான் எங்க அழுதேன்? நீங்கதான் தண்ணி கேட்டு உக்காந்தீங்க," என்றாள். திருத்திவிட்டேன். இந்தக் கதையில் பயந்த பாத்திரம் நான் ஒருவனே. எழுதும்போது கை கொஞ்சம் கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.)

5

மறுநாள் அதே மதிய நேரத்தில் இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார். இந்த முறை உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தார்.

"அந்தப் புத்தகம் வேணும்."

"கோர்ட்டுப் பேப்பர் கொண்டுவாங்க."

"பெருசு, மூணு தலைமுறையா கௌரவமா இருக்கற குடும்பம். வீணா எதுக்குக் கெடுத்துக்கறீங்க? உங்க மருமக தெனமும் ஏழரை பஸ்ல இறங்கி, பூட்டின மருந்துக்கடை வழியாத் தனியா நடந்து வருது. ரோடுன்னா என்ன வேணாலும் நடக்கும். பெரியவங்க நீங்கதான் சொல்லிவைக்கணும்."

கௌரவம் என்ற சொல்லை அவர் வாயில் கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. போலீஸ் வந்த வீடு என்ற பெயரை என் குடும்பம் தாங்கும். வந்தவரைப் பிடித்துக்கொடுத்த வீடு என்ற பெயரைத் தாங்காது.

பதிவேட்டில் புது வரிசை எடுத்தேன். பெயர். பதவி. மணி பன்னிரண்டு நாற்பது. நோக்கம்: 'மருமகள் ஏழரை பஸ்ஸில் இறங்கித் தனியாக வருகிறாள், ரோட்டில் என்ன வேண்டுமானாலும் நடக்கும் என்று சொல்ல.' எழுதி அவர் பக்கம் திருப்பினேன்.

"நீங்க சொன்னதைத்தான் எழுதியிருக்கேன். ஒரு சொல்லு கூடக்குறைய இருந்தா சொல்லுங்க, திருத்திடலாம். இல்லன்னா கையெழுத்து."

படித்தார். முகம் மாறியது.

"யோவ், என்னய்யா விளையாட்டா?"

"முப்பத்தொரு வருஷம் இதுதான் என் வேலை."

எழுந்து போய்விட்டார். வாசலில் நின்று, "நாளைக்குப் பேப்பரோட வரேன்," என்றார்.

கடைசிக் கட்டத்தில் எழுதினேன்: கையெழுத்திட மறுத்தார்.

6

அந்த வரிசையின் நகல்கள் அன்று மாலைக்குள் ஆசிரியரிடம், வழக்கறிஞரிடம், பத்திரிகையாளர் சங்கத்தில் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன. மருமகள் அடுத்த கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கிறாள். அவளுடன் வேலை செய்கிறவர்கள் இரண்டு இரண்டு பேராக பஸ் நிறுத்தத்திலிருந்து கூடவே வருகிறார்கள். "ஐயா, இன்னிக்குமா?" என்று முனகிக்கொண்டே கையெழுத்துப் போடுகிறார்கள்.

பக்கம் அறுபத்தொன்று என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்? மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அதைக் கிழித்து அடுப்பில் போட்டேன். இன்னொன்றில் பதிவேடு முழுவதையும் புது நோட்டில் ஒரே ராத்திரியில் (அடித்துவிடுங்கள், என் வயதில் அது நடக்காது). மூன்றாவதில் அந்தப் பக்கம் இன்னும் அங்கேயே இருக்கிறது, அந்த வரியின் மேல் ஒரு மைப்புட்டி கவிழ்ந்திருக்கிறது. எது நடந்தது என்று சொல்ல மாட்டேன். இன்ஸ்பெக்டருக்கும் படிக்கத் தெரியும். நாளைக்கு என்றவர் இன்னும் வரவில்லை; பேப்பரோடு வரட்டும். தேடட்டும். அதற்கு முன் கையெழுத்துப் போடட்டும்.

எனக்கு மிச்சமிருப்பது ஒரே ஒரு கட்டம். மறுப்புக்குச் சாட்சி வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொன்னேன். அன்று மதியம் வீட்டில் நான் தனி ஆள். மருமகள் இல்லை, பக்கத்து வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. ஆனால் ஐந்தாம் பகுதியில் நீங்கள் என் முன்னறையில்தான் நின்றீர்கள். அவர் சொன்னதைக் கேட்டீர்கள், நான் எழுதியதைப் படித்தீர்கள், அவர் எழுந்து போனதைப் பார்த்தீர்கள்.

பதிவேட்டை உங்கள் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். மேல்வரிசைகளை மரச்சட்டத்தால் மூடியிருக்கிறேன். உங்களுடையதையும் அப்படியே மூடிவைப்பேன். நோக்கம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை என்றால், முன்பு ஒருவர் எழுதிய இரண்டு சொற்கள் இருக்கின்றன. அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பேனா இதோ. நேரத்தை நான் போட்டுக்கொள்கிறேன்.